ஜெயித்த செஸ் ஆட்டத்தை அலசுவது எப்படி?

அலசுவதற்கு 15+10 (ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 10 வினாடி) மாதிரி நிதானமான ஆட்டமாக எடுங்கள். மூன்று நிமிட பிளிட்ஸில் கை ஆடியிருக்கும், மூளை ஆடியிருக்காது.

ஆட்டம் முடிந்த அன்றே, எஞ்சினை (செஸ் கணக்கிடும் மென்பொருளை) திறக்காமல், நகர்த்தல்களை எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டை வைத்துப் பலகையில் மறுபடி காய்களை நகர்த்திப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். அதிக நேரம் யோசித்த இடம், எதிராளி உங்களைத் திடுக்கிட வைத்த இடம், 'இனி நம்ம ஆட்டம்தான்' என்று தோன்றிய இடம், மூன்றையும் குறித்துக்கொண்டு, அங்கே என்ன கணக்குப் போட்டீர்கள் என்று பென்சிலில் எழுதுங்கள். எஞ்சினைப் பார்த்தபின் எழுதினால், 'இதை நானும் பார்த்தேனே' என்று மனசு பொய் சொல்லும்.

அடுத்து, உங்களுக்கு வெற்றி தந்த நகர்த்தலையே சந்தேகப்படுங்கள். கிளப் ஆட்டங்களில் அடிக்கடி வரும் ஒன்று (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர், முதலில் வெள்ளை, அடுத்து கருப்பு): 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, டி6 4. குதிரை சி3, பிஷப் ஜி4. இப்போது வெள்ளை 5. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. கருப்பு ஆசைப்பட்டு பிஷப்பால் டி1-இல் ராணியை வெட்ட, 6. பிஷப் எஃப்7-ஐ வெட்டி செக், ராஜா இ7, 7. குதிரை டி5, மேட். பிரெஞ்சுக்காரர் லெகால் பெயரில் வழங்கும் பழைய பொறி. ஜெயித்தவர் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாமல் இருக்கமாட்டார்.

ஆனால் கருப்பு ராணியைத் தொடாமல், சி6 குதிரையால் இ5 குதிரையை வெட்டியிருந்தால்? அந்தக் குதிரை ஜி4 பிஷப்பையும் காக்கிறது, சி4 பிஷப்பையும் தாக்குகிறது. வெள்ளைக்கு ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போச்சு. இதே பொறி சரியாக வேலை செய்ய, முதலில் 5. ஹெச்3 ஆட வேண்டும். பிஷப் ஹெச்5-க்குப் பின்வாங்கினால் 6. குதிரை இ5-ஐ வெட்டலாம். இப்போது கருப்புக் குதிரை இ5-இல் வெட்டினாலும் அதனால் ஹெச்5-ஐக் காக்க முடியாது. 7. ராணி ஹெச்5 பிஷப்பை வெட்டும். கருப்புக் குதிரை சி4 பிஷப்பை வெட்டினால் 8. ராணி பி5 செக், அடுத்து அந்தக் குதிரையும் வரும். மொத்தத்தில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். பொறி ஒன்றுதான், ஒரே ஒரு ஹெச்3 வித்தியாசம்.

இதற்குப் பிறகு எஞ்சின். லிசெஸ் தளத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசம். ஒரே வரியை (அது பரிந்துரைக்கும் நகர்த்தல் தொடரை) மட்டும் காட்டும்படி விடாதீர்கள், மூன்று வரிகள் வையுங்கள். ஆழம், அதாவது எஞ்சின் எவ்வளவு தூரம் முன்னால் கணக்கிடுகிறது என்ற எண், 20 தாண்டும்வரை பொறுங்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கிராஃப் முதலில் உங்களுக்குப் பாதகமாகச் சரிந்து, எதிராளி ராணியை வெட்டியதும் ஒரேயடியாக மேலே பாயும். எல்லாரும் பாய்ச்சலைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய சரிவுதான் உங்களுடையது. எஞ்சின் தரும் மதிப்பெண்ணில் (பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், ஒன்று என்பது சுமார் ஒரு சிப்பாய்) +9 என்பது +6 ஆனதை விட்டுவிடலாம். +1 என்பது −1 ஆனதை விடாதீர்கள். உங்கள் நகர்த்தல்கள் எஞ்சினுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தளம் காட்டும் துல்லிய சதவீதத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம், எதிராளி சீக்கிரமே காயைத் தூக்கிக் கொடுத்தால் அது தானாக ஏறும்.

ஓபனிங்கில் (ஆட்டத் தொடக்கத்தில்) உங்களுக்குத் தெரிந்த நகர்த்தல் தொடர் எந்த நகர்த்தலில் முடிந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கடைசிக் கட்டம் (எண்ட்கேம்) அப்படியல்ல. ஜெயிக்கும் நிலை வந்தபின் எத்தனை நகர்த்தல் எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். தனி ராஜாவை ராணியை வைத்து அதிகபட்சம் 10, யானையை வைத்து 16 நகர்த்தலில் மேட் செய்துவிடலாம். யானையோடு 40 ஆகியிருந்தால், 50 நகர்த்தல் விதியில் (இருவரும் 50 நகர்த்தல் வரை எதையும் வெட்டாமலும் சிப்பாயை நகர்த்தாமலும் இருந்தால் டிரா கேட்கலாம்) டிரா ஆகாமல் தப்பித்திருக்கிறீர்கள். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் டேபிள்பேஸை (இப்படிப்பட்ட நிலைகளுக்கெல்லாம் முன்பே கணக்கிட்டு வைத்த விடைத் தொகுப்பை) பாருங்கள். ஜெயமா டிராவா என்று அது அடித்துச் சொல்லும். எண்ட்கேமில் ஜெயம் டிராவாக மாறி, மறுபடி ஜெயமான இடம் ஏதாவது இருந்தால், அந்த நிலையை அப்படியே அடுக்கி, எஞ்சினை எதிரே உட்கார வைத்து மூன்று தடவை ஆடுங்கள்.