டீசல் எங்கே போடுவது: வடக்கு லைனுக்குப் புதிதாக வரும் தம்பிகள் செய்யும் தவறுகள்

சங்ககிரியில் லாரி கிளீனராக ஏறி, டிரைவராகி, 22 வருஷம் வடக்கு லைன், அதாவது வட மாநிலங்களுக்கு லோடு, ஓட்டினேன். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி ஓடுகிறது. புதிதாக வரும் தம்பிகளோடு முதல் டிரிப் நானே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது வழக்கம். போன மாதம் ஜவ்வரிசி லோடோடு நாக்பூர் வரை அப்படிப் போனேன். டீசல் விஷயத்தில் அந்தத் தம்பி செய்த தவறுகளில் பாதி, நான் அவர் வயதில் செய்தவை. அதனால்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மீட்டரில் ஜீரோ பார்ப்பது, பில் வாங்குவது, டேங்க் மூடிக்குப் பூட்டுப் போடுவது எல்லாம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதிர்ப்பக்கத்து பங்க்கை நம்புவது

போனில் மேப்பைத் திறந்தால் வழி நெடுக பங்க் காட்டும். நாம் வடக்கே போகிற 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை பெரும்பாலும் நான்கு வழிச் சாலை. காட்டுகிற பங்க்கில் பல நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும், நடுவில் தடுப்பு ஓடும். திரும்ப அடுத்த மேம்பாலம் வரை போக வேண்டும். இடையில் டோல்கேட் வந்துவிட்டால் அதற்கும் இரண்டு முறை பணம் போகும்.

ஊருக்குள் இருக்கும் பங்க் இன்னொரு வம்பு. கூரை தாழ்வாக இருக்கும், பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டி உள்ளே போகாது. நாற்பது அடி டிரெய்லர் உள்ளே போய்விட்டால் வெளியே வர ரிவர்ஸில் அரை மணி நேரம்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முன்பக்கத்திலிருந்து திறந்தால் போகும்போது இடதுகைப் பக்கம் வரும் பங்க்குகள், பின்பக்கத்திலிருந்து திறந்தால் திரும்பி வரும்போது வருபவை. ஒவ்வொன்றுக்கும் நேரே கூரை உயரம், வண்டி நிறுத்த இடம், குளிக்கத் தண்ணீர், பங்க்கின் போன் நம்பர். இந்தியன் ஆயிலின் ஸ்வாகத், பாரத் பெட்ரோலியத்தின் கர் என்று நெடுஞ்சாலை ஓரம் பெரிய பங்க்குகள் இருக்கின்றன. லாரிக்காரர்களை நினைத்தே கட்டியவை. புதியவர்கள் முதலில் அவற்றைக் குறித்துக்கொண்டு, அப்புறம் மற்றவற்றைச் சேர்க்கலாம்.

"அங்கே போய்ப் போட்டுக்கலாம்"

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

டீசல் ஜிஎஸ்டிக்குள் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு வரி போடுகிறது, அதனால் எல்லை தாண்டினால் விலை மாறும். 2022 மே முதல் ஏறக்குறைய இரண்டு வருஷம் பெங்களூரில் 88 ரூபாய்க்குப் பக்கம், ஹைதராபாத்தில் 98 ரூபாய்க்குப் பக்கம். லிட்டருக்குப் பத்து ரூபாய். பிறகு 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் கர்நாடகா வரியை ஏற்றியதில் அந்த இடைவெளி குறைந்தது. ஆனாலும் ஆந்திராவுக்குள் நுழையும் முன் பாகேபள்ளியில் நிரப்பிக்கொள்வது இன்றும் புத்திசாலித்தனம்தான். விலை பார்த்துப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. மலிவான இடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்புவது சரி. மலிவான இடம் வரட்டும் என்று டேங்கைக் காய வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் தவறு.

நான் செய்தது 2006-இல். இப்போதைய 44 அப்போது 7-ஆம் நம்பர் ரோடு. ஓனருக்கு சங்ககிரியில் ஒரு பங்க்கில் கணக்கு உண்டு, டீசல் அங்கேதான் போட வேண்டும். வழியில் கைக்காசு போட்டால் திரும்பி வாங்குவதற்குள் நாலு நாள் நடக்க வேண்டும். ரிட்டன் லோடோடு கிருஷ்ணகிரி தாண்டும்போதே டீசல் மீட்டர் முள் கீழே படுத்துவிட்டது. தர்மபுரியில் கிளீனர் சொன்னான், ஒரு இருபது லிட்டராவது போடலாம் என்று. சங்ககிரி போய்ப் போட்டுக்கலாம் என்றேன்.

தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம். கியர் குறைக்க கிளட்சை மிதித்தேன், எஞ்சின் அப்படியே அடங்கியது. ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போனது. பிரேக்கில் இருந்த காற்று இரண்டு மிதி, மூன்று மிதிக்கு வரும், அதற்கு மேல் ஏற்றித்தர எஞ்சின் ஓடவில்லை. எப்படியோ கியரைத் தள்ளி கிளட்சை விட்டதில் வண்டி இழுத்துப் பிடித்தது. இடது ஓரம் ஒதுக்கினேன். கிளீனர் ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து சக்கரத்துக்குக் கட்டை போட்டான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனார்கள்.

இறங்கி டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 25 லிட்டர் இருந்தது. டீசல் தீரவில்லை. இறக்கத்தில் வண்டி முன்பக்கம் சாய்ந்ததும் இருந்த டீசல் எல்லாம் டேங்கின் முன்பக்கம் ஓடிவிட்டது. உறிஞ்சும் குழாய் பின்பக்கம், காற்றை இழுத்துவிட்டது. ஏற்றத்தில் இதுவே தலைகீழாக நடக்கும், குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து. சமதளத்தில் முள் காட்டுகிற 25 லிட்டர் மலையில் 25 லிட்டர் அல்ல. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்து வண்டி என்பதால் பிழைத்தது. ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்து, நுரை போய் முழு டீசல் வரும்வரை காத்திருந்து, மூடி, ஸ்டார்ட் செய்தோம். விரலெல்லாம் டீசல். ஒன்றரை மணி நேரம் போனது, வேறு நஷ்டம் இல்லை.

இப்போது ஓடும் பிஎஸ்-6 வண்டிக்கு, அதாவது புதிய புகை விதிப்படி வந்த வண்டிக்கு, இந்தக் கதை பொருந்தாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது எல்லாம் அந்த வகைதான். அதில் இருப்பது காமன் ரெயில் எஞ்சின், டீசலை அதிக அழுத்தத்தில் இஞ்செக்டருக்கு அனுப்பும் வகை. அந்த ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசலே மசகு எண்ணெய். டீசல் இல்லாமல் சுற்றினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும், அந்தத் தூள் இஞ்செக்டருக்குள் போகும்.

2023-இல் என் வண்டியிலேயே இது நடந்தது. பாகேபள்ளியிலிருந்து பென்கங்கா பாலம் வரை, அதாவது ஆந்திராவும் தெலங்கானாவும் தாண்டி மகாராஷ்டிரா தொடும் வரை, ஏறக்குறைய 800 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும். டேங்கில் 200 லிட்டர் இருக்கிறது, சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டிய தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். ஹைதராபாத் ரிங் ரோட்டில் மழை, மூன்று மணி நேரம் நின்று நின்று நகர்ந்தது. நிர்மல் தாண்டி ஏற்றத்தில் லோடு வண்டி 4 கொடுக்காது, 3 கொடுத்தால் பெரிது. அடிலாபாத்தில் நான் போன் செய்தபோது முள் எங்கே என்று கேட்டேன். "மகாராஷ்டிரா இன்னும் இருபது கிலோமீட்டர்தானுங்கண்ணா, அங்கே போய்ப் போட்டுக்கலாம்" என்றார்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றது. பதற்றத்தில் பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்திருக்கிறார், அதுதான் பம்ப்பை முடித்தது. பம்ப், இஞ்செக்டர், இழுத்துப் போன கூலி எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. ஐந்து நாள் லோடு ரோட்டில். மகாராஷ்டிராவில் மலிவு என்று மிச்சம் பிடிக்க நினைத்தது, 150 லிட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம் 750 ரூபாய். வழியில் காமாரெட்டியில் 40 லிட்டர் மட்டும் போட்டிருந்தால் கூடுதல் செலவு 200 ரூபாய்.

தம்பி நல்ல டிரைவர், இன்னும் என்னோடுதான் இருக்கிறார். நான் திட்டவில்லை. 2006-இல் தொப்பூரில் என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

இப்போது என் இரண்டு வண்டியிலும் ஒரு மூங்கில் குச்சி உண்டு. 50 லிட்டருக்கு ஒரு வெட்டு. காலையில் சமதளத்தில் நிறுத்திக் குச்சி விட வேண்டும். இரண்டாவது வெட்டுக்குக் கீழே போனால், எந்த மாநிலமாக இருந்தாலும், என்ன விலையாக இருந்தாலும், அடுத்த நல்ல பங்க்கில் 40 லிட்டர். முழுதாக நிரப்ப வேண்டாம், எல்லை வரை போக அது போதும். நாக்பூருக்கு வடக்கே இன்னும் கவனம் வேண்டும். அங்கிருந்து மத்தியப் பிரதேசம் முழுக்கத் தாண்டி உத்தரப் பிரதேசத்து லலித்பூர் சேர ஏறக்குறைய 500 கிலோமீட்டர். லலித்பூரில் மலிவு என்ற ஆசையும் வரும், நடுவில் சியோனிக்கு முன்னால் பெஞ்ச் காடும் வரும். நாக்பூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

டேங்கர் லோடு இறக்கும்போது போடுவது

பங்க்குக்கு டேங்கர் வந்து நிலத்தடித் தொட்டியில் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே போடாதீர்கள். அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் அந்த நேரத்தில் கலங்கி மேலே வரும். ஒரு டீ குடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடலாம், இல்லையென்றால் அடுத்த பங்க்குக்குப் போகலாம். மழைக்காலத்தில் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகைத் தினமும் திறந்து பாருங்கள்.

ரோட்டோரம் டிரம்மில் விற்பது

வேண்டாம்.

ஆட்புளூவை மறப்பது

ஆட்புளூ என்பது பிஎஸ்-6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய தனி டேங்கில் ஊற்றும் திரவம். டீசலுக்கு இடம் பார்த்து வைத்தவர்கள் ஆட்புளூவுக்குப் பார்ப்பதில்லை. 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 4, 5 லிட்டர் இறங்கும். தீர்ந்துபோனால் எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துவிடும், மலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர், அவ்வளவுதானே என்று யாரோ கலக்கிய வாளியைப் பாதி விலைக்கு வாங்கி ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு சைலன்சர் பக்கத்து அமைப்பையே அடைத்துவிடும். ஸீல் உடையாத வாளியை ஊரிலிருந்தே ஒன்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்புளூ டேங்கின் நீல மூடிக்குள் டீசல் போய்விட்டால் சாவியைத் திருகவே வேண்டாம், மெக்கானிக் வரட்டும்.

ஒரே கார்டோடு கிளம்புவது

ஒரு எண்ணெய்க் கம்பெனியின் டீசல் கார்டு அந்தக் கம்பெனி பங்க்கில்தான் வேலை செய்யும். இரவு நெட்வொர்க் இல்லையென்றால் அங்கேயும் செய்யாது. ஓனர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: டிரைவர் கையில் 50 லிட்டருக்கான ரொக்கம் தனியாக இருக்கட்டும், அது பேட்டாவில் சேராது.

போன் செய்யாமல் போவது

2024 ஜனவரி தொடக்கத்தில், விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடினால் தண்டனை என்ற புதிய சட்டத்துக்கு எதிராக வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். டேங்கர்களும் நின்றன. ஹைதராபாத்தில் பங்க் வாசலில் வரிசை ரோடு வரை வந்தது, பல பங்க்குகள் காலி. நோட்டில் நம்பர் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டு போனார்கள். ஸ்டிரைக், பண்டிகை, வெள்ளம் என்று காதில் விழுந்தாலே முந்தின நாள் இரவு அடுத்த இரண்டு பங்க்குக்கும் அடித்துக் கேளுங்கள்.

காஷ்மீர் குளிரில் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது

கெட்டியான டீசலை இளக்க இப்படிச் செய்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாது. வெயில் ஏறும்வரை காத்திருங்கள்.

பங்க்குக்குள் சமைப்பது

ஸ்டவ்வைக் காம்பவுண்டுக்கு வெளியே எடுத்துப் போங்கள்.