எக்ஸ்ஆர்18 மிக்சரை டேப்லெட்டில் ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

பெரிங்கர் எக்ஸ்ஆர்18-இல் கையால் தள்ள ஒரு ஃபேடர்கூட (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) கிடையாது. 16 மைக் இன்புட், 6 ஆக்ஸ் (மானிட்டர்களுக்கு, அதாவது மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்கும் ஸ்பீக்கர்களுக்குப் போவது), மெயின் (அரங்க ஸ்பீக்கர்களுக்குப் போவது) எல்லாமே திரையில்தான். ஒலி கலப்பது பெட்டிக்குள்ளே. டேப்லெட் ரிமோட் மட்டுமே. இணைப்பு அறுந்தாலும் சத்தம் நிற்காது, கடைசியாக வைத்த மிக்ஸ் அப்படியே ஓடும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு மைக் ஊளையிட ஆரம்பித்தால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் முதல் வேலை நெட்வொர்க். பெட்டியிலேயே உள்ள வைஃபையை நிகழ்ச்சிக்கு நம்பாதீர்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். காலி அரங்கில் சவுண்ட் செக் செய்யும்போது அருமையாக இருக்கும். கூட்டம் ஃபோனோடு உள்ளே வந்ததும் திணறும். தனியாக ஒரு டூயல் பேண்ட் ரவுட்டர் வையுங்கள். மிக்சரின் நெட்வொர்க் ஸ்விட்சை ஈதர்நெட்டுக்குத் தள்ளி, கேபிளை ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள், வேன் (இன்டர்நெட்) போர்ட்டில் அல்ல. 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை சேனலை ஆட்டோவில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றை நீங்களே வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்குங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் வேறு சேனலுக்கு மாறியே ஆக வேண்டும். நடுப்பாட்டில் இணைப்பு போகும். மனித உடல் இந்த அலைவரிசையை நன்றாக உறிஞ்சும் என்பதால் ரவுட்டரைத் தலைகளுக்கு மேலே, ஸ்டாண்டில் கட்டுங்கள். யுபிஎஸ் கட்டாயம், கரண்ட் ஒரு நொடி போனாலும் மிக்சரும் ரவுட்டரும் திரும்ப எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

டேப்லெட்டில் ஏர்பிளேன் மோட் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று பல ஆண்ட்ராய்டு கருவிகள் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். திரை தானாக அணைவதையும் நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள்.

இனி விரல். கண்ணாடியில் ஃபேடரின் நுனி கைக்குத் தட்டுப்படாது. மேடையைப் பார்த்துக்கொண்டே தள்ளினால் பக்கத்துச் சேனல் ஏறிவிடும். தொட்ட இடத்துக்கே ஃபேடர் குதிக்கும்படி இருந்தால், செயலியின் அமைப்பில் அதை மாற்றி, விரல் நகர்ந்த அளவு மட்டும் நகரும்படி வையுங்கள். வியர்த்த விரல் தவறாகப் பதியும். ஒரு துணி கையிலேயே இருக்கட்டும்.

மிகப் பெரிய ஆபத்து பஸ் தேர்வில், அதாவது திரையில் உள்ள ஃபேடர்கள் எந்த வெளியீட்டுக்கானவை என்று தேர்வதில். பாடகர் மானிட்டரில் குரல் போதவில்லை என்கிறார், பஸ் 1-க்குப் போய் ஏற்றுகிறீர்கள், மெயினுக்குத் திரும்ப மறந்துவிடுகிறீர்கள். அடுத்த பாட்டில் அரங்கத்துக்கென்று குரலைத் தூக்குகிறீர்கள், அரங்கில் ஒன்றும் கேட்காததால் இன்னும் தூக்குகிறீர்கள், மானிட்டர் கூவுகிறது. பஸ் வேலை முடிந்த அடுத்த நொடியே மெயினைத் தொடுவது பழக்கமாக வேண்டும். முடிந்தால் மானிட்டருக்கு இரண்டாவது டேப்லெட்டே வைத்துவிடுங்கள்.

நிகழ்ச்சி நடக்கும்போது கெயினை (மைக் சிக்னல் உள்ளே நுழையும்போதே பெருக்கும் அளவு) தொடாதீர்கள். மெயினோடு எல்லா மானிட்டரும் சேர்ந்து மாறும். குரல், தாளம், மற்ற வாத்தியங்களை டிசிஏ-க்களில் (பல சேனல்களை ஒரே ஃபேடரில் ஏற்றி இறக்கும் குழுக்கள்) பிரித்து ஒரே பக்கத்தில் வைத்தால் பக்கம் புரட்டும் வேலை பெருமளவு குறையும். சவுண்ட் செக் முடிந்ததும் ஸ்நாப்ஷாட் (மிக்சரின் அப்போதைய அமைப்பு) சேமியுங்கள்.

எக்ஸ் ஏர் எடிட் (மிக்சரைக் கணினியிலிருந்து இயக்கும் மென்பொருள்) போட்ட ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளாலேயே இணைத்துத் திறந்து வையுங்கள். வைஃபை போனால் மெயினை இறக்க அது போதும்.