வேலி இல்லாத வளவில் புது நாய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பல வீடுகளுக்கு மூன்று பக்கம் மதில் இருக்கும். முன்பக்கம் வாகனம் வந்து போகத் திறந்தே கிடக்கும். நாலு வீட்டார் ஒரே வழியைப் பாவிக்கும் வளவுகளில் கேட் இருந்தாலும் அதை யாரும் பூட்டுவதில்லை. அப்படியான இடத்துக்கு ஒரு நாயைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு தவறைச் செய்கிறார்கள். ‘சாதுவான நாய், எங்கேயும் போகாது’ என்று அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள்.

வந்த புதிதில் நாய் அமைதியாக இருப்பதற்குக் காரணம் அனேகமாகப் பயம்தான். மூலையில் சுருண்டு படுக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டு ஒதுங்கும், கூப்பிட்டால் பார்க்கும், ஆனால் வராது. நாய்களை மீட்டு வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்ற எண்ணம் வர மூன்று மாதம். நாய்க்கு நாய் இது கூடும், குறையும். ஆனால் முதல் கிழமையில் ஓடிய நாய்க்குத் திரும்பி வர வீடே தெரியாமல் போகலாம். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையிலிருந்து வெளியே பாய்ந்தால் ஒரு பக்கம் காலி வீதி. மறுபக்கம் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை.

ஆகவே வேலி வரும்வரை கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மூத்திரம் பெய்ய வெளியே கொண்டுபோனாலும் அதே விதிதான். கழுத்துப்பட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பயந்த நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் நல்லது. பட்டிக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். ஓடியாட இடம் வேண்டுமென்றால் பத்து மீற்றர் அளவில் நீளக் கயிறு ஒன்று வாங்கி, அதைப் பிடித்தபடி வளவு முழுக்க நடக்க விடுங்கள். தினமும் எல்லையோரமாக ஒரு சுற்று நடந்து, உள்பக்கம் திரும்பி வரும்போதெல்லாம் ஒரு துண்டு இறைச்சி கொடுத்தால் எல்லை எது என்று அது மெல்லப் பழகும். ஆனால் அந்தப் பழக்கத்தை நம்பித் தனியே விடக்கூடாது. கால்வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) ஏறி வந்தாலோ, பூனை ஒன்று குறுக்கே ஓடினாலோ, தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி பாட்டோடு வந்தாலோ பழகியதெல்லாம் அந்த நிமிடத்தில் மறந்துபோகும்.

சரி, கட்டிப்போட்டால் பிரச்சினை இல்லையே என்று நினைப்பது அடுத்த தவறு. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் கோபக்காரனாக மாறும். யாராவது கிட்ட வந்தால் விலகிப்போக அதற்கு இடமில்லை, அதனால் கடிக்கப் பார்க்கும். உள்ளே நுழையும் தெருநாய்களிடமிருந்தும் தப்ப முடியாது. மதிலுக்குப் பக்கத்தில் கட்டுவது இன்னும் மோசம்: நாய் மதிலில் ஏறி மறுபக்கம் குதித்தால் கழுத்துப்பட்டியே தூக்குக் கயிறாகிவிடும். மாமரத்தைச் சுற்றிக் கட்டினால் அரை மணியில் கயிறு முழுவதும் மரத்தில் சுற்றி, தண்ணீர்ச் சட்டி எட்டாத தூரத்தில் நிற்கும். கொழும்பு வெயிலிலும் புழுக்கத்திலும் அது உயிராபத்து.

கட்டத்தான் வேண்டுமென்றால் நீங்கள் கண்ணெதிரே இருக்கும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும், நிழலில், தண்ணீரோடு, ஹார்னஸில் கட்டுங்கள். முறுக்கு ஏறாமல் சுழலும் கொக்கி அவசியம். நைலோன் கயிற்றைக் கடித்துப் பிய்க்க நாய்க்கு அதிக நேரம் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லையைத் தாண்டினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டிகள் இணையத்தில் விற்கிறார்கள். எனக்கு அவற்றில் கொஞ்சமும் உடன்பாடில்லை. துரத்தும் வேகத்தில் நாய் அந்த வலியைப் பொறுத்துக்கொண்டு வெளியே போய்விடும். அப்புறம் திரும்பி உள்ளே வரத்தான் பயப்படும். வெளியிலிருந்து வரும் நாயையும் அது தடுக்காது.

முழு வளவுக்கும் வேலி போட முடியாது என்பதால் ஒன்றுமே செய்யாமல் விடுகிறவர்கள் பலர். வீட்டின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு சிறு பகுதியை மட்டும் அடைத்தால் போதும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் கம்பிவலையை இரும்புக் குழாய்த் தூண்களில் ஆறடி உயரத்துக்குக் கட்டுங்கள். குறுக்குக் கம்பிகள் உள்பக்கம் வந்தால் நாய்க்கு அது ஏணி, வெளிப்பக்கம் வையுங்கள். வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டும். மேலே பாதிக்காவது கூரை இருக்கட்டும். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் நாய் அனேகமாக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சுமார் மூன்று கிழமை பருவத்தில் இருக்கும். அந்த நாட்களில் தெருவிலுள்ள ஆண் நாய்கள் எல்லாம் வளவுக்குள் நிற்கும். ஆண் நாயானால் அந்த வாசத்துக்கு எந்தக் கயிற்றையும் அறுக்கப் பார்க்கும். மிருக வைத்தியரிடம் கருத்தடைக்கு நாள் கேளுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை, தெருநாய்கள் வந்துபோகும் மண்ணில் இறக்குவதும் ஆபத்து. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 இரவு, இடிமழை பெய்யும் ஒக்டோபர், நவம்பர் மாலைகள். இந்த நேரங்களில் நாய் வீட்டுக்குள், கதவு சாத்திய அறையில் இருக்க வேண்டும். சீனவெடிச் சத்தத்தில் ஓடும் நாய் வழி பார்த்து ஓடாது.

கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கம், நாய் வந்த நாளிலேயே தொங்க வேண்டும். பதிவையும் தள்ளிப்போட வேண்டாம். இலங்கையில் நாய்ப் பதிவுக்கான சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஓடிவிட்டால் பின்னால் துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் வேகமாக ஓடும். பக்கவாட்டாகக் குந்தியிருந்து, அதைப் பார்க்காமல், சாப்பாட்டை நிலத்தில் போட்டு மெதுவாகக் கூப்பிடுங்கள். ஓட்டோ நிறுத்தத்தில் நிற்பவர்களிடமும் கடைக்காரரிடமும் படத்தைக் காட்டுங்கள். தெருவில் எது போனாலும் முதலில் காண்பவர்கள் அவர்கள்தான். வந்ததும் அடிக்க வேண்டாம், அடித்தால் அடுத்த முறை கைக்கு வராது. வெளியே போன நேரத்தில் யாரையாவது கடித்தாலோ கீறினாலோ, காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். விசர்நாய் நோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதற்கான தடுப்பூசி அரசாங்க வைத்தியசாலையில் இலவசம்.