பார்க்கிங்கில் இடித்த காரும் மறுநாள் பிடிக்கும் கழுத்தும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட், மால் பார்க்கிங், கல்யாண மண்டபத்து வாசல் என்று எங்கே இரண்டு கார்கள் இடித்துக்கொண்டாலும் எல்லோரும் குனிந்து பார்ப்பது பம்பரைத்தான். ஓட்டியவரை யாரும் பார்ப்பதில்லை. "மெதுவாத்தானே சார் வந்துச்சு, விடுங்க" என்று ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெதுவாக இடித்தால் அடிபடாது என்று நம்புவதுதான் முதல் தவறு. ரிவர்ஸ் எடுக்கும்போது நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சீட் பெல்ட்டை முன்னமே கழற்றியிருப்போம். இடது கை பக்கத்து சீட்டின் மேல் இருக்கும், இடுப்புக்கு மேலே உடம்பு திரும்பியிருக்கும், முகம் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும். தலை ஹெட்ரெஸ்ட்டில் படாது. அந்த நேரத்தில் இன்னொரு வண்டி வந்து இடித்தால், திருகி நிற்கிற கழுத்துதான் அதை வாங்கிக்கொள்கிறது. ஏர்பேக் இந்த வேகத்தில் பெரும்பாலும் விரியாது. விரியவில்லை என்பதால் அடி இல்லை என்று அர்த்தமில்லை.

இந்தக் கழுத்து வலி பலருக்கு அன்றைக்கே தெரியாது. மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாதபோதுதான் தெரியவரும். தைலம் தடவி நாலு நாள் ஓட்டிவிடாதீர்கள். சொடுக்கு எடுப்பது, உருவிவிடுவது எல்லாம் டாக்டர் பார்க்கும்வரை வேண்டவே வேண்டாம். கை மரத்துப்போனாலோ, பிடிமானம் தளர்ந்தாலோ, தலையில் இடித்த பிறகு வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே காட்டிவிட வேண்டும்.

மருத்துவமனையில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. எப்படி அடிபட்டது என்று கேட்டால், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், சுருக்கமாக ஏ.ஆர்.) அதுதான் ஏறும். நாளைக்குத் தண்டுவட எலும்பில் பிரச்சினை என்று தெரிந்து இழப்பீடு கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி.

அப்புறம், "அது பிரைவேட் இடம், போலீஸ் வராது, இன்ஷூரன்ஸும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281வது பிரிவு பொதுவழியில் தாறுமாறாக ஓட்டுவதைப் பற்றியது, உண்மைதான். ஆனால் அஜாக்கிரதையால் இன்னொருவருக்குக் காயம் ஏற்படுத்துவதைச் சொல்லும் 125வது பிரிவில் பொதுவழி என்ற நிபந்தனையே இல்லை. புகார் கொடுத்து, குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) வாங்கிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் விஷயத்தில், மோட்டார் வாகனச் சட்டம் பொது இடம் என்பதற்குச் சொல்லும் விளக்கம், பொதுமக்களுக்கு நுழைய உரிமையுள்ள இடம் என்பது. கட்டுப்பாட்டோடு ஆட்களை அனுமதிக்கும் தனியார் இடமும் இதில் அடங்கும் என்று பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு 1988லேயே சொல்லிவிட்டது. ஆகவே வாட்ச்மேன் டோக்கன் கொடுத்து உள்ளே விடுகிற மால் பார்க்கிங்கைத் தனியார் இடம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. வெளியாள் யாரும் நுழையாத சொந்த வளாகம் என்றால் வாதம் கடினமாகும். அதற்காக முயற்சி செய்யாமலே விட வேண்டியதில்லை.

இடித்தவர் அதே அப்பார்ட்மென்ட்காரராக இருந்தால் வேறு மாதிரி சங்கடம். செகரட்டரி முன்னால் இரண்டாயிரமோ மூவாயிரமோ கைமாறும், "எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்தும் ஆகிவிடும். பம்பருக்காக வாங்கிய பணம் கழுத்துக்கும் சேர்த்து வாங்கியதாகிவிடும். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பு, நின்ற நிலையிலேயே, தூண் நம்பரும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும், எனவே அதை எடுத்து வைக்கச் சொல்லி அன்றே எழுத்தில் கேளுங்கள்.

தவறு உங்களுடையது என்றால், உங்கள் தேர்ட் பார்ட்டி பாலிசி உங்கள் காயத்துக்குப் பணம் தராது. உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அது உயிரிழப்புக்கும் கை, கால், கண் இழப்பு போன்ற நிரந்தர ஊனத்துக்கும்தான். ஸ்கேன் செலவுக்கும் பிசியோதெரபிக்கும் உங்கள் மருத்துவக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், அவருக்கு அடிபட்டால் நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டுக்கான பொறுப்பு பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அதற்கு ஆண்டுக்கு வெறும் 50 ரூபாய்தான் பிரீமியம்.

அடுத்தவர் மேல் தவறு இருந்தால், அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் வசிக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் இதற்குக் கொடுக்கும் காலம், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். வலி சரியாகிவிடும் என்று காத்திருக்கிற நாட்களும் அந்தக் கணக்கில்தான் போகும்.