எனர்வேட்னா எனர்ஜி ஏத்துறது இல்லீங்க
எக்ஸாமுக்கு இங்கிலீஷ் வார்த்தைங்க படிக்கிறவங்க எனர்வேட்ங்கிற வெர்பை கொஞ்சம் உஷாரா பாருங்க, காதுல எனர்ஜி மாதிரி விழும் ஆனா அர்த்தம் நேர் எதிர், இருக்கிற தெம்பை உறிஞ்சி ஆளை துவள வைக்கிறதுதான் அது. லத்தீன்ல எனர்வாரே, முன்னாடி நிக்கிற 'எ' வெளியே எடுக்கிறதை சொல்லுது, நெர்வுஸ்னா தசைநாண், அதையே உருவிட்டா உடம்பு நிக்குமா என்ன? நெர்வ் கூட இதே நெர்வுஸ்ல இருந்து வந்ததுதான். எனர்ஜியோ கிரேக்கம், எர்கான்னா வேலை, ரெண்டுக்கும் சொந்தமே கிடையாது. எனர்வேட்டிங் ஹீட்னு பார்த்தீங்கன்னா ஆளை சோர வைக்கிற வெயில்னு எடுத்துக்கோங்க. இதோட குழப்பிக்கக் கூடிய இன்னொரு வெர்ப் அட்டெனுவேட், வீரியத்தை குறைக்கிறது, அது தனி, லத்தீன்ல தெனுயிஸ், அதாவது மெல்லிசுங்கிறதுல இருந்து வந்தது. தடுப்பூசிக்காக கிருமியோட வீரியத்தை குறைக்கிறது, கேபிள்ல சிக்னல் போகப் போக தேயுறது இதுக்கெல்லாம் இந்த வெர்புதான், எனர்வேட் போட்டுடாதீங்க.