டையாட்டம்ல ஜீன் போட்டு ஃபியூகோசாந்தினை கூட்டுறது எப்படி

கடல் நுண்பாசின்னாலே பச்சைன்னுதான் நினைப்போம், ஆனா ஃபியோடாக்டைலம் ட்ரைகார்னூட்டம்னு ஒரு டையாட்டம் (ஒரே செல்லால ஆன பாசி வகை) இருக்கு, ஃப்ளாஸ்க்ல நல்லா வளர்ந்து நிக்கும்போது தண்ணி கலந்த டிகாஷன் மாதிரி இருக்கும். அந்த பழுப்பு ஃபியூகோசாந்தின்ங்கிற கரோட்டினாய்டு நிறமியால வர்றது. செல் வழக்கமா செய்யறத விட அதிகமா அதை செய்ய வைக்கிறது எப்படின்னு, லேப்ல புதுசா இதுல இறங்குறவங்களுக்காக எழுதறேன். இதோட ஜீனோம் 2008லயே வெளிவந்துடுச்சு, மத்த டையாட்டம் மாதிரி சிலிக்கா இருந்தே ஆகணும்னு கிடையாது, எஃப்/2ங்கிற, கடல்நீர்ல சத்து சேர்த்த மீடியத்துல 18-20 டிகிரியில நல்லா வளரும், அதனால முதல் தடவை பண்றவங்க இதையே எடுங்க. இந்தியால பண்றீங்கன்னா உங்க இன்ஸ்டிட்யூட்டோட பயோசேஃப்டி கமிட்டி அனுமதியை முதல்லயே வாங்கிடுங்க.

எந்த ஜீன் போடறது? கரோட்டினாய்டுல பெரும்பாலானதுக்கு அடிப்படை 40 கார்பன் உள்ள ஒரு சங்கிலி, 20 கார்பன் துண்டு ரெண்டை ஒட்டி அந்த சங்கிலியை உண்டாக்குறது ஃபைட்டோயீன் சிந்தேஸ்ங்கிற என்சைம், சுருக்கமா பிஎஸ்ஒய். நெரிசல் பெரும்பாலும் இந்த இடத்துலதான். 2000ல வந்த கோல்டன் ரைஸ்லயும் போட்ட முக்கிய ஜீன்கள்ல பிஎஸ்ஒய்யும் ஒண்ணு. அதுக்கு ரொம்ப முன்னாடி, கச்சாப்பொருள் தயாராகுற இடத்துல டிஎக்ஸ்எஸ்னு இன்னொரு என்சைம் இருக்கு, அதையும் கூட்டிப் பார்க்கலாம். 2015, 2016ல வந்த ஆய்வுகள்ல இந்த ரெண்டுல ஒண்ணை கூட்டினப்ப ஒண்ணரை மடங்குல இருந்து கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வரைக்கும் ஃபியூகோசாந்தின் ஏறியிருக்கு, அதனால பத்து மடங்கு வரும்னு மனசுல வெச்சுக்காதீங்க.

என்னோட யோசனை, வேற செடியோட ஜீனை தேடாம இந்த டையாட்டத்தோட சொந்த பிஎஸ்ஒய்யையே எடுத்து பலமான ப்ரமோட்டர் (ஜீனை ஓட வைக்கிற ஸ்விட்ச் மாதிரியான டிஎன்ஏ துண்டு) பின்னாடி வைங்க. ஏன்னா இந்த வேலை நடக்குறது க்ளோரோபிளாஸ்ட் உள்ள, டையாட்டத்துல அதைச் சுத்தி நாலு சவ்வு இருக்கு, அத்தனையும் தாண்டி உள்ள போக புரோட்டீனோட முன்பக்கத்துல ஒரு முகவரி வேணும், சொந்த ஜீன்ல அது ஏற்கனவே இருக்கும். ஜிஎஃப்பி (பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) மாதிரி அடையாள டேக் ஒட்டுறதா இருந்தா வால் பக்கம்தான் ஒட்டணும், முன்னாடி ஒட்டினா முகவரி மறைஞ்சு புரோட்டீன் வெளியவே நின்னுடும். ப்ரமோட்டருக்கு, டையாட்டத்துல வெளிச்சத்தை பிடிக்கிற புரோட்டீனோட ஜீன்ல இருந்து எடுத்த எஃப்சிபி போதும். தேவைப்படும்போது மட்டும் ஓடணும்னா நைட்ரேட் ரிடக்டேஸ் ப்ரமோட்டர் போடுங்க, அமோனியம் குடுத்தா அடங்கியிருக்கும், நைட்ரேட்டுக்கு மாத்தினா எழுந்துக்கும்.

உள்ள அனுப்புறதுக்கு ஜீன் கன் இருக்கு, எலெக்ட்ரோபொரேஷன் இருக்கு, ஆனா 2015ல வந்த, பாக்டீரியாவே டிஎன்ஏவை நேரா செல்லுக்குள்ள குடுக்கிற கான்ஜுகேஷன் முறைக்கு விலை கூடின மெஷின் எதுவும் வேணாம். ப்ளாஸ்மிட்டை (நம்ம ஜீனை வெச்சு அனுப்புற டிஎன்ஏ வளையம்) சுமக்கிற ஈ-கோலை பாக்டீரியாவையும் டையாட்டம் செல்லையும் ஒரே ப்ளேட்ல கலந்து, இருட்டுல 30 டிகிரியில ஒன்றரை மணி நேரம், அப்புறம் 18 டிகிரியில வெளிச்சத்துல ரெண்டு நாள் வெச்சு, சுரண்டி எடுத்து, ப்ளாஸ்மிட் வாங்காத செல்லைக் கொல்ற ஜியோசின் மருந்து கலந்த ப்ளேட்ல போடணும். இதுல உள்ள போற ப்ளாஸ்மிட் குரோமோசோம்ல போய் ஒட்டாம பெரும்பாலும் தனி வளையமாவே நிக்கும், அதனால செல்லோட சொந்த ஜீன் உடையுற வாய்ப்பு கம்மி. ஆனா ஜியோசினை நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா ப்ளாஸ்மிட்டும் போயிடும்.

இப்ப சொல்றதை மட்டும் மறக்காதீங்க. ஜியோசினுக்கு உப்பு ஆகாது. நான் முதல் தடவை முழு கடல்நீர்லயே அகார் ப்ளேட் ஊத்திட்டேன், பத்து நாள்ல ப்ளேட் பூரா பழுப்பா படர்ந்துடுச்சு, ஜீன் போடாத கன்ட்ரோல் ப்ளேட்டும் அதே மாதிரி, மருந்து வேலையே செய்யலைன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் போச்சு. கடல்நீரை பாதியா குறைச்சு, மில்லிக்கு 50-லருந்து 100 மைக்ரோகிராம் ஜியோசின் போடுங்க, கன்ட்ரோல் ப்ளேட்ல எல்லாம் சாகுதான்னு முதல்ல பார்த்துக்கங்க. சரியா இருந்தா ரெண்டு வாரம் போல ஆனதும் வெளிறின ப்ளேட்ல கடுகை விட சின்னதா பழுப்பு புள்ளி தெரிய ஆரம்பிக்கும், ப்ளேட்டை வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிச்சா நல்லா தெரியும். அதைப் பார்க்குற சந்தோஷமே வேற.

ஒரு இருபது காலனியாவது எடுங்க, பிசிஆர்ல ஜீன் இருக்கறது தெரிஞ்சாலும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுக்குத்தான் வேலை செய்யும். பலபேர் ஏமாறுற இடம் இதுக்கு அடுத்ததா வரும், அது வெளிச்சம். ஃபியூகோசாந்தின் வெளிச்சத்தை பிடிக்கிற நிறமி, அதனால வெளிச்சம் கம்மியா இருந்தா செல் தானாவே அதை கூட்டிக்கும். ஒரு ஃப்ளாஸ்க் அடர்த்தியா வளர்ந்து உள்ள இருக்கிற செல்லுக்கு நிழல் விழுந்தாலே நம்பர் ஏறும், நாம ஜீன் வேலை செஞ்சுதுன்னு நினைச்சுக்குவோம். சாதா செல், ஜீன் இல்லாத வெறும் ப்ளாஸ்மிட் வாங்கின செல், உங்க செல் மூணையும் ஒரே ஷெல்ஃப்ல, ஒரே செல் எண்ணிக்கையில அறுவடை பண்ணுங்க, ஃப்ளாஸ்க்கோட இடத்தை தினமும் மாத்தி வைங்க.

அறுத்த செல்லை உடனே உறைய வெச்சு, மங்கின வெளிச்சத்துல எத்தனால்ல சாறெடுங்க, இந்த நிறமி வெளிச்சத்துலயும் சூட்டுலயும் சீக்கிரம் கெட்டுடும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல 450 நானோமீட்டர் பார்த்துட்டு முடிச்சுடாதீங்க, க்ளோரோபிலும் அந்த பக்கமே உறிஞ்சும், நிறமிகளை தனித்தனியா பிரிச்சு அளக்குற எச்பிஎல்சியைத்தான் நம்பலாம். கணக்கை உலர்ந்த எடைக்கு ஒண்ணு, செல்லுக்கு ஒண்ணுன்னு ரெண்டாவும் போடுங்க. மிச்ச கல்ச்சர் எல்லாம் 121 டிகிரியில ஆட்டோகிளேவ் ஆகாம சிங்க் பக்கமே போகக்கூடாது. மூணு தடவை தனித்தனியா வளர்த்தும் அதே காலனி மேல நின்னா, உறையும்போது செல்லை காப்பாத்துற டிஎம்எஸ்ஓ கலந்து லிக்விட் நைட்ரஜன்ல நாலஞ்சு வயல் அன்னைக்கே போட்டு வெச்சுடுங்க.