ஆவாரைச் செடியை விதையிலிருந்து வளர்க்க
ஆவாரை விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பல நாள் மண்ணிலேயே கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். ஊதிப் பெருத்தவற்றை விதைக்கலாம். பெருக்காததை மறுபடி தேயுங்கள்.

ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் நாற்றைப் பிடுங்கி நடுவது சரிவராது. நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில், புரட்டாசியில் குழிக்கு 3 விதை, 1 செ.மீ. ஆழம், 4 அடி இடைவெளி. முளைத்ததும் வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள்.

பெரும்பாலும் செடி சாவது தினமும் தண்ணீர் ஊற்றுவதால்தான், வேர் அழுகிவிடும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும், அப்புறம் மழையே பார்த்துக்கொள்ளும். இலையைத் தின்னும் பச்சைப் புழு பட்டாம்பூச்சியுடையது. மருந்தடிக்க வேண்டாம், செடி மறுபடி துளிர்க்கும். கிளை நுனியில்தான் பூக்கொத்து வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்யுங்கள்.